நீல வளையம் போட்ட குண்டு

டெல்பர்ட் ஸ்கோகனின் நல்ல பெயருக்கு விலை பதினோரு சென்ட். மொன்டானா மலையூரில், தன் ஷெட்டில் அவர் செய்யும் ஒரு தோட்டாவின் அடக்கவிலை அது. நண்பர்களுக்குச் சும்மா கொடுப்பார். முப்பது வருஷமாக ஒன்றுகூட ஏமாற்றியதில்லை. போன சனிக்கிழமை சுடும் மைதானத்தில் கஸ் ஃபெரிட்டர் கையிலேயே ரிவால்வர் பிளந்தது. அதோடு பெயரும் போயிற்று.

"ஒரே தோட்டாக் கூட்டுல வெடிமருந்த ரெண்டு தடவ கொட்டியிருப்பேன், வெர்னா," என்றார் டெல்பர்ட். "கண்ணு போச்சு. நாளைக்கு துப்பாக்கி கிளப்புல என் பேர அடிச்சுடுவாங்க. அதுக்குள்ள சாமான எல்லாம் வித்துடறேன்."

ஷெரீஃப் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற வெர்னா டாலஃப்சன் காப்பியை ஊதினாள். பக்கத்தில் மைலோ, ஊர் நாவிதன். துப்பு என்றால் கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுவான்.

"உங்களாலதான்னு கஸ் சொன்னாரா?"

"வாயே திறக்கல. கையில கட்டோட கெடக்கான், பார்க்கப் போனா சுவத்தப் பார்த்துத் திரும்பிக்கறான். நாப்பது வருஷப் பழக்கம்."

ஷெட்டுக்குப் போனார்கள். டயர் கடை கழித்துப்போட்ட சக்கர எடை ஈயத்தை உருக்கி வார்த்த, இன்னும் கூட்டில் செருகாத குண்டுகள், டப்பா டப்பாவாக. ஒவ்வொன்றின் இடுப்பிலும் நீல வளையம். பேத்தி உடைத்த கிரேயானைத் தேன்மெழுகில் கலந்து பூசுவார். பிளந்த துப்பாக்கியில் மிஞ்சிய தோட்டாக்களிலும் அதே நீலம். கிளப்புக்கு அதுவே போதுமான சாட்சி.

"இங்க ஒரு டப்பா இருந்திருக்கே?" தூசியில் தெரிந்த வட்டத்தைக் காட்டினாள் வெர்னா.

"கஸுக்குக் குடுத்தேன். தூண்டில்ல கட்ட ஈயம் கேட்டான்."

மூலையில் வாளி நிறையப் பழைய பித்தளைக் கூடுகள், பல கம்பெனி முத்திரையோடு.

"மைதானத்துல பொறுக்கினது," என்றார் டெல்பர்ட். "காசு குடுத்து ஒரு கூடு வாங்கினதில்ல நான்."

"அதான் முதுகு இப்படி வளஞ்சு போச்சு," என்றான் மைலோ.

கிளப்பில் கஸ் அன்று விட்டுப்போன தோட்டாப் பெட்டியைத் திறந்ததும் மைலோவின் முகம் தொங்கியது. "எல்லாம் நீலம். கதை முடிஞ்சுதுங்க."

வெர்னா ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தாள். "மேல பார்த்தது போதும். அடியப் பாரு."

எல்லாம் புத்தம்புதுப் பித்தளை. ஒரே முத்திரை.

மைலோ டெல்பர்ட்டையும் ஏற்றிக்கொண்டு கஸ் வீட்டுக்கு வண்டியை விரட்டினான். கஸ் சாய்வு நாற்காலியில், கையில் கட்டோடு.

"குண்ட வார்த்தது யாருன்னுதான் நீலம் சொல்லும்," என்றாள் வெர்னா. "மருந்து போட்டது யாருன்னு கூடு சொல்லும். டெல்பர்ட் செத்தாலும் புதுக்கூடு வாங்க மாட்டார். தூண்டிலுக்குன்னு குண்ட வாங்கிட்டுப் போனவர் நீங்க. மீன் பிடிச்சீங்களா, கஸ்?"

கஸ் கட்டுப் போட்ட கையை மடியில் இறக்கினார்.

"போன வருஷம் மருந்து அளக்கறப்ப இவன் கை நடுங்கிச்சு. இவனால முடியாமப் போற அன்னிக்கு நான் செஞ்சு குடுக்கலாம்னு ரகசியமா தோட்டா அழுத்தற பிரஸ் வாங்கிக் கத்துக்கிட்டேன். பாதியில போன் வந்துது. திரும்பி வந்து எந்தக் கூட்டுல விட்டேன்னு தெரியல. அப்பறம் எல்லாரும் நீலத்தப் பார்த்து இவன் பேரச் சொன்னாங்க. எனக்கு... வாய் வரல."

டெல்பர்ட் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அந்தக் கூடு என்னடா வெல?"

"நூறு கூடு... முப்பத்தஞ்சு டாலர்."

"அடப்பாவி!" பழியைவிட அதுதான் அவரைச் சுட்டதோ என்று மைலோவுக்குப் பட்டது.

"பிரஸ்ஸ என் ஷெட்டுக்குக் கொண்டா. ஒத்தையா ஒக்காந்து மருந்து கொட்டறது ஒனக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. இனி ஒருத்தன் ஊத்தணும், இன்னொருத்தன் பார்க்கணும்."

"நாளைக்கு கிளப்புல எழுந்து நானே சொல்லிடறேன், டெல்."

"அது கிளப்புக்குச் சேர வேண்டியது. எனக்கு?"

டெல்பர்ட்டின் கணக்கில் பிரஸ் ஒன்று வரவு. வீணாகாத புதுக்கூடுகள் வரவு. ஒரு வாரம் பேசாமல் இருந்தது கஸ் பெயரில் பற்று, நிலுவையில் நிற்கிறது.