நான்தான் அனுப்பினேன்

ரயிலடியிலிருந்து வந்து இறங்கிய தியோடர், கோட்டைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றபடியே கேட்டார்:

"மௌரீன் எங்கே? அப்பா வந்தா ஓடி வருவாளே... இன்னும் தூங்கறாளா?"

காபியோடு வந்த அவர் மனைவி யூனிஸ் டம்ளரை மேஜையில் வைத்தாள். அவள் பதில் சொல்வதற்குள் அடுப்படி வாசலிலிருந்து நாத்தனார் நோராவின் குரல் வந்தது.

"அதைத்தான் விடிஞ்சதிலிருந்து நானும் கேக்கறேன், தம்பி! படுக்கை காலி. கேன்வாஸ் ஷூ இல்லே. உன் பழைய கம்பளியும் இல்லே. உன் பெண்டாட்டி வாயில கொழுக்கட்டையை வச்சுக்கிட்டு நிக்கறா!"

யூனிஸுக்கு விஷயம் புரிந்துதான் இருந்தது. மடித்து வைத்த படுக்கையைப் பார்த்த கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. போய்விட்டாள்... அந்தக் காட்டுப் பயணத்துக்கே போய்விட்டாள்!

மௌரீன் படித்த பெண்கள் காலேஜில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே வேலை பார்த்து இறந்துபோன ஒரு வெள்ளைக்கார அம்மாள், தன் சொத்தைக் காலேஜுக்கு எழுதிவைக்கும்போது விசித்திரமாக ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். அந்தப் பணம் பரீட்சையில் முதலாவதாக வருகிறவர்களுக்கு அல்ல. காடு மலை வழியாகத் தங்கள் கால் பலத்திலேயே பயணம் போய்வரத் துணிகிறவர்களுக்கு! மோட்டார் கூடாது, ரயில் கூடாது, மாட்டுவண்டிகூடக் கூடாது. 'அட்வென்சர் ஸ்காலர்ஷிப்' என்று அதற்குப் பெயர். இந்த வருஷம், அதாவது 1937-இல், அது மௌரீனுக்கும் அவளுடைய சிநேகிதி சுப்புலக்ஷ்மிக்கும் கிடைத்திருந்தது. தேகப்பயிற்சி டீச்சர் கோமளம் கூடப் போவதாக ஏற்பாடு. ஆனேக்கல் வரை ரோட்டோடு நடந்து, அங்கிருந்து காட்டுக்குள் இறங்கிக் காவேரியைப் பிடித்து, கரையோடு மேலே போய், சங்கமத்தில் அர்க்காவதி ஆற்றைக் கடந்து, கான்கானஹள்ளி வழியாகத் திரும்ப வேண்டும்.

போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்த யூனிஸிடம் மௌரீன் வந்து கேட்டாள். "சித்தி, வீட்டில பெர்மிஷன் குடுத்தாத்தான் கூட்டிட்டுப் போவாங்களாம். நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லுங்களேன்!"

"அப்பா ஊரிலிருந்து வரட்டும்மா. நான் பேசறேன்."

"அப்பா விடமாட்டார். நீங்க பேசினா... இன்னும் விடமாட்டார்."

குத்திக்காட்டுவதற்காகப் பெண் அதைச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாள். அதனால்தான் யூனிஸுக்கு அப்படி வலித்தது.

இப்போது யூனிஸ் தயங்கித் தயங்கி அந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னதும், தியோடர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்தார். மிலிட்டரி கணக்கு ஆபீஸில் பத்துப் பேரை ஆட்டி வைக்கிறவர். வீட்டிலும் அவர் குரல் உயர்ந்தால் அல்சூர் தெருவே கேட்கும்.

"காட்டுக்கா? பொம்பளைப் பிள்ளைங்களா? யாரைக் கேட்டுப் போனா? சொல்லாமத் திருட்டுத்தனமாப் போயிருந்தா, இன்னையோட அவ படிப்பு முடிஞ்சுது! திரும்பி வந்த மறுநாளே அந்த ஓஸ்வால்டைக் கூப்பிட்டுக் கல்யாணத்தை முடிச்சுடறேன்!"

ஓஸ்வால்ட் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர், மனைவியை இழந்தவர், தலையில் பாதி நரை. தியோடர் கோபத்தில் சொல்லும் வார்த்தையைக் கோபம் ஆறிய பிறகும் நிறைவேற்றுகிறவர் என்பது யூனிஸுக்குத் தெரியும். புத்தகமும் கையுமாக வளையவரும் அந்தப் பெண்ணின் முகம் அவள் கண்முன் வந்து நின்றது.

"சொல்லாமப் போகலைங்க" என்றாள் யூனிஸ். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "சொல்லிட்டுத்தான் போனா. நான்தான் அனுப்பினேன்."



நோராதான் முதலில் வெடித்தாள். "அடிப்பாவி! அனுப்பினியா? நல்லா இருக்கே! உன் வயித்தில பிறந்ததா இருந்தா அனுப்பியிருப்பியா? தாயில்லாப் பிள்ளைன்னு நான் தோள்மேல போட்டு வளர்த்தேனே... இதுக்காகவே எனக்கு வந்த வரனையெல்லாம் வேணாம்னேனே... யானையும் கரடியும் திங்கட்டும்னு அனுப்பிட்டு எனக்கே காபி போட்டுக் குடுக்கறியா!"

"அண்ணி, டீச்சர் கூட இருக்காங்க..."

"பேசாதே!"

தியோடர் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷங்களில் அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

அதன் பிறகு வீட்டில் அவளோடு யாரும் பேசவில்லை. சமைத்து வைத்தாள், சாப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சை விட்டு நோரா வேறு பெஞ்சுக்குப் போனாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யூனிஸ் பாட்டுப் புஸ்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒரே ஒரு ஜெபத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆண்டவரே, மழை மட்டும் வேண்டாம்.

ஆனால் மழைதான் வந்தது. ஏரிக்கரையில் தண்ணீர் ரோட்டைத் தொட்டது. திரும்பி வரவேண்டிய நாள் வந்து, போயும் விட்டது. அதற்கும் மறுநாள் காலேஜ் பியூன் நனைந்த குடையோடு வாசலில் வந்து நின்றான். அவன் கையில் ஒரு கேன்வாஸ் பை இருந்தது.

"ஹொளெ தும்பிதெயம்மா" என்றான் கன்னடத்தில், தலையைக் குனிந்தபடி. ஆறு நிரம்பிவிட்டது! அர்க்காவதியில் வெள்ளம். கீழே ஒரு கிராமத்துக் கரையில் இந்தப் பை ஒதுங்கிக் கிடந்ததாம். போலீஸார் காலேஜுக்கு அனுப்பியிருந்தார்கள். பெண்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

பையின் பட்டையில் மௌரீனின் பெயர் தைத்திருந்தது. நோராவே தைத்துக் கொடுத்தது. நோரா அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள்.

"என் தங்கமே... தண்ணியில போயிட்டியா... உன்னைத் தண்ணியில தள்ளிட்டு இங்கே ஒருத்தி நிக்கறாளே!"

தியோடர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சாம்பலாக இருந்தது. "யூனிஸ்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "நான் போலீஸோட போய்த் தேடப்போறேன். திரும்பி வர்றப்போ நீ என் கண்ணு முன்னால இருக்கக் கூடாது. உன் தம்பி வீட்டுக்குப் போயிடு."

'நான் அனுப்பவில்லை, அவள்தான் எனக்கும் தெரியாமல் போனாள்' என்ற ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே பழி தீர்ந்திருக்கும். ஆனால் செத்துப்போயிருந்தால் அந்தக் குழந்தையின் மேலா பழியைத் தூக்கிப் போடுவது? உயிரோடிருந்தால், திரும்பி வர அவளுக்கு ஒரு வீடு வேண்டாமா?

இரண்டு புடவையை ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டாள். "அண்ணி, அவருக்குக் கஷாயம் வச்சு மூடி வச்சிருக்கேன். நனைஞ்சுட்டு வருவார்" என்று சொல்லிவிட்டு ஜட்காவில் ஏறினாள்.

தொம்மலூரில் அவள் தம்பி டென்சில் அக்காவைக் கண்டதும் கொதித்தான். "நியாயம் கேக்க ஆளில்லைன்னு நினைச்சுட்டாங்களா? வா, இப்பவே போய்..." என்று எழுந்தான்.

"உட்காருடா. பிள்ளையே காணோம்... இதில என் நியாயம் என்ன பெரிய நியாயம்?"

அடுத்த நாட்களில் அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்பது அவளுக்கே நினைவில்லை. மழை விட்டு வெயில் வந்தது. ஒரு பகல் வேளையில், கிணற்றடியில் தம்பி பிள்ளைகளின் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தபோது, தெருவில் யாரோ காலை இழுத்து இழுத்து நடந்து வரும் சத்தம் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தாள்.

வேலிப்படலைப் பிடித்துக்கொண்டு மௌரீன் நின்றுகொண்டிருந்தாள்! முகமெல்லாம் முள் கீறல். பாவாடை முழங்கால்வரை செம்மண். ஒரு காலில் ஷூ. மறு காலில் கந்தல் துணிக் கட்டு.

யூனிஸ் உட்கார்ந்தபடியே கையை மட்டும் நீட்டினாள். பெண் ஓடி வந்து ஈரத் துணிகளின் மேலேயே விழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"சித்தி... வீட்டுக்குப் போனேன்... நீங்க இல்லே... அத்தை என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. சித்தி எங்கேன்னேன். 'உன்னைக் காட்டுக்கு அனுப்பின மகராசியா, துரத்திட்டோம்'னாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. 'அவங்க எங்கே அனுப்பினாங்க? அப்பா வரட்டும்னுதானே சொன்னாங்க! நான்தான் வீட்டில ஒத்துக்கிட்டாங்கன்னு டீச்சர்கிட்ட பொய் சொல்லிட்டு ஓடிப் போனேன்'னேன்... அப்பா அப்படியே உட்கார்ந்துட்டார், சித்தி. ஏன்... ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உன் பை... ஆத்தில..."

"சங்கமத்துக்குக் கிட்ட கரை சரிஞ்சு சுப்புலக்ஷ்மி தண்ணிக்குள்ள போயிட்டா. பையை விட்டுட்டு அவ கையைப் பிடிச்சேன். டீச்சர் என் இடுப்பைப் பிடிச்சு இழுத்தாங்க. பை போனாப் போவுது, நாங்க மூணு பேரும் கரையேறிட்டோம்! ஆத்தைத் தாண்டவே முடியாதுன்னு தெரிஞ்சுது. வந்த காட்டு வழியாவே ஆனேக்கலுக்குத் திரும்பி நடந்தோம். ராகியும் வேர்க்கடலையும்தான் சாப்பாடு..."

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். யூனிஸ் அவளுடைய தலையை, தோளை, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. முழுசாக இருந்தது. அப்போதுதான் இத்தனை நாள் அடைத்து வைத்த பயமெல்லாம் ஒன்றாகப் பொங்கியது.

பளீர் என்று பெண்ணின் கன்னத்தில் ஓர் அறை!

"சொல்லாமப் போவியா? இனிமே சொல்லாமப் போவியாடி நீ? செத்துப் பிழைச்சேனே... தினம் தினம் செத்துச் செத்துப் பிழைச்சேனே!"

அறைந்த கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. மாற்றாந்தாய் என்ற பேச்சுக்குப் பயந்து, அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் மௌரீனை அவள் உரத்துக் கண்டித்ததுகூட இல்லை. மெல்லத் தலையைத் தூக்கினாள். படலுக்கு வெளியே ஒரு ஜட்கா வந்து நின்றிருந்தது. தியோடரும் நோராவும் அதிலிருந்து இறங்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நோரா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விடுவிடுவென்று உள்ளே வந்தாள்.

"இன்னொண்ணு போடு!" என்றாள்.

"அண்ணி..."

"போடுன்னா போடு! ஒண்ணு பத்தாது இந்தக் கழுதைக்கு. எனக்குக் கை வரமாட்டேங்குது. செல்லம் குடுத்தே கெடுத்துட்டேன். நீயாவது போடு. உனக்கில்லாத பாத்தியதை வேற யாருக்கு?" என்றவள் அப்படியே கிணற்றடி ஈரத்தில் உட்கார்ந்து யூனிஸின் சோப்புக் கைகளைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். "பெத்த வயிறான்னு கேட்டேனே... என்னை மன்னிச்சுடு, யூனிஸ். எம்மாம் பெரிய வார்த்தை! எப்படித் தாங்கினே அதை?"

மூவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். தியோடர் படலுக்கு அந்தப் பக்கமே நின்றார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாத மனிதராக.

"உண்மையை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, யூனிஸ்" என்றார்.

"சொல்லியிருந்தா அவ காலேஜுக்குப் போகமுடியுமா?"

அவர் மகளைப் பார்த்தார். "போகட்டும். படிக்கட்டும்" என்றார். "ஓஸ்வால்ட் பேச்சை இனி எடுக்கமாட்டேன். நீ... வீட்டுக்கு வரியா?"

"வரேன். வராம எங்கே போவேன்? ஆனா இப்ப இல்லே. பிள்ளை கால் எப்படி வீங்கியிருக்கு பாருங்க! டென்சில் வெந்நீர் போடச் சொல்லட்டும். அவ சாப்பிடட்டும். உள்ளே வந்து உட்காருங்க."

தியோடர் உள்ளே வந்தார். மைத்துனன் டென்சில் அவரை முறைத்துக்கொண்டேதான் நாற்காலி போட்டான்.

யூனிஸ் வெந்நீரில் உப்புப் போட்டு மௌரீனின் பாதத்தை மடியில் வைத்துக் கட்டைப் பிரித்தாள். நோரா சோற்றைப் பிசைந்து வாயில் ஊட்டினாள். ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு திட்டு. கொப்புளத்தில் வெந்நீர் பட்டதும் பெண் "ஸ்ஸ்..." என்று காலை இழுத்துக்கொண்டாள்.

"ஆட்டாதே" என்றாள் யூனிஸ், இம்முறை தைரியமாகவே அதட்டி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "காவேரி எப்படிடி இருந்துச்சு? முதல்லேருந்து சொல்லு."

மௌரீன் வாய் நிறையச் சோற்றோடு சொல்ல ஆரம்பித்தாள்.