பிரித்த தையல்

ஸ்ரீஸ்கந்தராசாவின் வீட்டு மணியை ஒருமுறை அழுத்திவிட்டுக் காத்து நிற்பதுதான் வழக்கம். கிளடிஸ் அழுத்திய விரலை எடுக்கவேயில்லை. நிலாணி ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது, பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர்கள் போடும் பளிச்சென்ற மேலங்கியோடு, முகம் சிவந்து நின்றார் அவர். அவருக்குப் பின்னால், மூடிய சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் பிடித்தபடி இன்னொரு பெண்மணி நின்றார்.

"என்னைக் கள்ளி எண்டு சொல்லிப்போட்டினம், அண்ணை. ஹோல் நிறையச் சனம் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னவை!"

ஸ்ரீஸ்கந்தராசா பதறவில்லை. இடிபட்ட கார்களையும் அவற்றைப் பற்றிச் சொல்லப்பட்ட பொய்களையும் ஒரு காப்புறுதிக் கம்பெனிக்காக நீண்ட காலம் பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது கனடாவின் ஸ்காபரோவில் தமிழர் யாருக்காவது ஒன்று காணாமல் போனால் அவரைத்தான் தேடி வருகிறார்கள். நிலாணி ஒரு சட்ட அலுவலகத்தில் வேலை செய்பவள். லீவு நாட்களில் அவருக்குக் கார் ஓட்டுவதும், அவருக்கும் சேர்த்துக் கோபப்படுவதும் அவள் பொறுப்பு.

"இருங்கோ. முதலில இருந்து சொல்லுங்கோ," என்றார்.

கிளடிஸ் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார். கோயில் மண்டபத்தில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் குழு ஒன்று இருக்கிறது. குவில்ற் என்று சொல்வார்கள். ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம் பண்ணைவீட்டில் இருக்கும் மார்கிரற் என்ற வெள்ளைக்கார மூதாட்டி, தன் குடும்பத்தில் நூற்றைம்பது வருஷமாக இருக்கும் குவில்ற் ஒன்றை இந்தக் குழுவிடம் இரவல் கொடுத்திருந்தார். நடுவில் ஒரு சாடி, சாடியில் எட்டுப் பூ. துணியில் வெட்டிய பூக்களை ஓரம் மடித்து மேலே வைத்துத் தைத்த வேலை. அதைப் பார்த்து ஆளுக்கொரு குவில்ற் தைப்பது, சனிக்கிழமை கண்காட்சியில் எல்லாவற்றையும் பழசோடு சேர்த்துத் தொங்கவிடுவது என்று திட்டம். அதற்கென்றே, பழைய துணிகளின் அச்சை அப்படியே எடுத்து இப்போது புதிதாக அடிக்கிற துணி விற்கிறார்கள். எல்லோரும் அதைத்தான் வாங்கினார்கள்.

"போன கிழமை, அதை வைச்சிருந்த ஹோல் அலுமாரியைத் திறந்தால் எட்டுப் பூவில ஒண்டைக் காணேல்லை. ஆரோ வடிவாத் தையலைப் பிரிச்சு எடுத்திருக்கினம். என்ர குவில்ற்றில இருக்கிற ஒரு பூ அந்தப் பழைய பூவாம்! நான் களவெடுத்துத் தைச்சனானாம்! ஒரே கடையில ஒரே துணிதானே வாங்கினனாங்கள். பழசு மாதிரி வரட்டும் எண்டு நான் தேத்தண்ணியில ஊறவைச்சனான். அந்த ஒரு பூ கூட நேரம் ஊறிப்போச்சு. அவ்வளவுதான் நான் செய்த குற்றம்."

"ஆர் சொன்னது?"

"தலைவி, வேரோனிக்கா. நாளைக்கிடையில பூவைக் குடுக்கவேணுமாம், இல்லாட்டிப் பொலிசாம். பொலிஸ் றிப்போட்டில என்ர பேர் விழுந்தால் பள்ளிக்கூட பஸ் ஓட விடமாட்டாங்கள், அண்ணை. பிள்ளையளை ஏத்துறனான்."

கூட வந்த பெண்மணி அவர் தோளைத் தடவினார். பெயர் குணவதி. அதே குழு. இந்த ஒரு கிழமையும் கிளடிஸுக்கு நாள் தவறாமல் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பவர்.

"நான் விடச் சொல்லித்தான் சொல்லுறன், அண்ணை. சாப்பிடாமல் கொள்ளாமல் திரியிறா. ஒரு கத்தரிப்பூக் கலர்த் துணித்துண்டுக்காக ஒரு மனுசியை இப்பிடி வதைக்கிறதே? மார்கிரற்றிட்ட ஒரு சொறி சொல்லிப்போட்டு விட்டால் முடிஞ்சுது."

"செய்யாததுக்கு நான் ஏன் சொறி சொல்ல?" கிளடிஸ் கத்தினார்.

"சரி, சரி," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. குணவதியை ஒருமுறை பார்த்தார். "நீங்களும் தைக்கிறனீங்களோ, தங்கச்சி?"

"ஓம். என்ரது இன்னும் முடியேல்லை."

அன்று பின்னேரமே அவரும் நிலாணியும் மண்டபத்துக்குப் போனார்கள். வேரோனிக்கா திறப்புக் கொத்தோடு வாசலில் நின்றார். தீர்ப்புச் சொல்ல அவசரப்பட்டவர் விசாரணைக்குக் கதவைத் திறக்கக் கால்மணி நேரம் எடுத்தார். அலுமாரித் திறப்பு நான்கு பேரிடம் இருந்தது: வேரோனிக்கா, கிளடிஸ், குணவதி, றோய். றோய் குழுவில் இருந்த ஒரே ஆண். முழுவதையும் மெஷினிலேயே தைப்பவர். கைத்தையல் அவருக்குச் சரிவராது.

மேசையில் பழைய குவில்ற்றை விரித்தார்கள். சிவப்புச் சாடி. பச்சை இலைகள். மண்ணிறக் காம்புகள், மண்ணிறப் பூக்கள். எட்டாவது பூ இருந்த இடத்தில் ஊசித் துவாரங்கள் மட்டும் ஒரு பூவின் வடிவில் வரிசையாக இருந்தன.

"காணாமல் போன பூ எப்பிடி இருந்தது?"

"மற்றதுகள் மாதிரித்தான்," என்றார் வேரோனிக்கா. "மண் கலர். சின்னப் புள்ளி போட்டது."

"பிறவுண்," என்றார் றோய். "எனக்கெண்டால் கண்ணில காட்டக்கூடாத கலர். தலைவி சொன்னதால வாங்கினனான்."

ஸ்ரீஸ்கந்தராசா ஓர் ஊசி கேட்டார். மிஞ்சிய பூக்களில் ஒன்றின் இதழில் தையல் தானாகவே இற்றுப்போயிருந்தது. ஊசி முனையால் அந்த ஓரத்தை மெல்லத் தூக்கி, உள்ளே மடிந்திருந்த துணியைப் பார்த்தார். அப்படித் தொட்டதற்கே ஓரிரு நூல் பொடியாக உதிர்ந்தது. ஓரத்தைப் பழையபடி படியவிட்டார்.

"நாளைக்கு எல்லாரும் தங்கட தங்கட வேலையைக் கொண்டுவரட்டும். முடிச்சதோ முடிக்காததோ, பரவாயில்லை. மார்கிரற்றையும் கூப்பிடுங்கோ."

காரில் நிலாணிக்கு ஆறவில்லை. "அங்கிள், வேரோனிக்கா அன்ரிதான் செய்திருக்கிறா. ஸீரியஸ்லி! தன்ர பிழையை மறைக்கத்தான் இந்தச் சத்தம். பூ எப்பிடி இருந்தது எண்டு குணவதி அன்ரியிட்ட நீங்கள் கேக்கவேயில்லையே?"

"அவ கேளாமலே சொல்லிப்போட்டா, பிள்ளை. அந்த லைற்றைப் பார்த்து ஓட்டு."

மறுநாள் மண்டபத்தில் ஆறேழு மேசைகளில் குவில்ற்றுகள் விரிந்து கிடந்தன. கிளடிஸ் தன்னுடையதற்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் அவர் அருகில் நிற்கவில்லை. அதைப் பார்க்க நிலாணிக்குப் பற்றி எரிந்தது.

ஸ்ரீஸ்கந்தராசா ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பார்த்துவிட்டு நடுவில் வந்து நின்றார்.

"பழைய பூவுக்கும் புதுப் பூவுக்கும் என்ன வித்தியாசம் எண்டு மேலால பார்த்தால் தெரியாது. உள்ளுக்குப் பார்த்தால் தெரியும்." மார்கிரற்றைக் கைகாட்டி அருகில் கூப்பிட்டார். முதல் நாள் பார்த்த இதழின் ஓரத்தை மறுபடி ஊசியால் தூக்கினார். எல்லோரும் குனிந்தார்கள்.

மேலே மண்ணிறமாக இருந்த அதே துணி, மடிப்புக்குள்ளே நல்ல கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

"அந்தக் காலத்துச் சாயம். வெளிச்சம் பட்டுப் பட்டு மண்ணிறமாப் போச்சு. வெளிச்சம் படாத மடிப்புக்குள்ள மட்டும் பழைய நிறம் நிக்குது. கடையில விக்கிற துணி, நிறம் மாறினதுக்குப் பிறகு பார்த்து அடிச்சது. அதால அது உள்ளுக்கும் மண்ணிறம்தான். கிளடிஸின்ர பூ களவெடுத்த பூ எண்டால், மடிப்புக்குள்ள கத்தரிப்பூ நிறம் இருக்கவேணும்."

வேரோனிக்கா தையல் பிரிக்கும் முள்ளை எடுத்துக்கொண்டு கிளடிஸின் குவில்ற்றை நெருங்கினார்.

"தொடாதை!" கிளடிஸ் அந்த முள்ளைப் பறித்தார். "நான் தைச்சது. நானே பிரிக்கிறன்." சந்தேகப்பட்ட பூவின் ஒரு பக்கத்தைப் பிரித்து மடிப்பைப் புரட்டினார். உள்ளேயும் மண்ணிறம். "பாருங்கோ! எல்லாரும் வந்து பாருங்கோ!"

"அப்ப பழைய பூவை ஆர் எடுத்தது?" என்றார் றோய்.

"இந்தப் பூக்கள் கத்தரிப்பூ நிறம் எண்டு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. மார்கிரற்றுக்கே இப்பதான் தெரியும். ஆனால் நேற்றைக்கு என்ர வீட்டில ஒரு ஆள் கத்தரிப்பூக் கலர்த் துணித்துண்டு எண்டு சொன்னவ. பூவைப் பிரிச்சு உள்ளுக்குப் பார்த்த ஆளின்ர வாயிலதான் அந்தச் சொல் வரும்." அவர் திரும்பினார். "குணவதி, உங்கட பையில இருக்கிறதையும் விரியுங்கோ."

குணவதி அசையவில்லை. நிலாணி பொறுக்க மாட்டாமல் பையை எடுத்து மேசையில் கவிழ்த்தாள். பாதி தைத்த குவில்ற். சிவப்புச் சாடி, பச்சை இலை, மண்ணிறக் காம்பு. பூக்கள் மட்டும் கத்தரிப்பூ நிறம்.

"புத்தகத்தில வாசிச்சனான்," என்றார் குணவதி. "பழைய சாயம் அப்பிடி மாறும் எண்டு."

"இருக்கலாம். ஆனால் பழைய குவில்ற்றில காம்பும் மண்ணிறம், பூவும் மண்ணிறம். பூ மட்டும்தான் மாறினது, காம்பு அப்பவும் மண்ணிறம்தான் எண்டு எந்தப் புத்தகம் சொன்னது? பூவைப் பிரிச்சுப் பார்த்த ஆளுக்குத்தான் அது தெரியும்."

குணவதி கதிரையில் இருந்துவிட்டார். "பார்க்கத்தான் பிரிச்சனான். திருப்பித் தைக்கத்தான் நினைச்சனான். கையில எடுக்க உதிர்ந்து போச்சு. நான் என்ன செய்ய?" பிறகு குரல் உயர்ந்தது. "ஒவ்வொரு கண்காட்சியிலயும் முதலாம் பரிசு இவவுக்கு! ஒருக்கா எண்டாலும் என்ரது அசல் மாதிரி வரவேணும் எண்டு நினைச்சது பிழையே?"

கிளடிஸ் அவரிடம் போகவில்லை. வேரோனிக்காவிடம் போனார். "என்ர பூ பழைய பூ மாதிரிக் கிடக்கெண்டு உனக்கு ஆர் காட்டினது?"

வேரோனிக்கா தலை குனிந்தார். "குணவதிதான்."

கிளடிஸ் மேசைக்கு அடியில் இருந்த தன் பையைத் திறந்து, கழுவித் துடைத்த சாப்பாட்டுப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குணவதியின் முன்னால் வைத்தார். "என்னைக் கள்ளியாக்கிப்போட்டு எனக்குப் புட்டவிச்சுத் தந்தனி. நானும் திண்டன். இந்தா, கொண்டு போ."

"கிளடிஸ், வீட்டை வா, இருந்து கதைப்பம்..."

"வரமாட்டன். இனி உன்ர முகத்தில முழிக்கமாட்டன்."

மார்கிரற் நிலாணியிடம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டார். பொலிசுக்குப் போகும் எண்ணமில்லை என்றார். பிறகு கிளடிஸின் கையைப் பிடித்து, உன் வேலையைக் கட்டாயம் நடுவில் தொங்கவிட வேண்டும் என்றார். வேரோனிக்கா அவசர அவசரமாக ஊசியில் நூல் கோத்தார்.

"நீ பேசாமல் இரு, கிளடிஸ். அந்தப் பூவை நான் இப்பவே தைச்சு விடுறன். பிரிச்ச தடமே தெரியாது."

"தைக்கக்கூடாது."

"அப்ப அது பிஞ்சு தொங்குமே. வாற சனம் என்னெண்டு கேக்குங்கள்."

"கேக்கட்டும். நீ பக்கத்தில நிண்டு பதில் சொல்லு. ஹோல் நிறையச் சனத்துக்கு முன்னாலதானே என்னைக் கள்ளி எண்டு சொன்னனி?"

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. ஸ்காபரோ முழுவதும் வந்தது போலிருந்தது. நடுவில் தொங்கிய குவில்ற்றின் ஒரு பூ மட்டும் பாதி பிரிந்து, உள்மடிப்புத் தெரியத் தொங்கியது. வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று, இது ஏன் இப்படி என்று கேட்டார்கள். பக்கத்தில் நின்ற வேரோனிக்கா ஒவ்வொருவருக்கும் சொன்னார்: "இது களவெடுத்த பூ எண்டு நான் பழி சொன்னனான். விசாரிக்காமல் சொன்னனான். பிழை என்ரது."

கிளடிஸ் எதிரே ஒரு கதிரை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் அவர் முழுவதையும் சொல்லி முடிக்கிறாரா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.