பிரவீனா தைத்த உடைகள்

ஆடிக் காற்று ரோட்டு மண்ணை வாரி முகத்தில் அடித்தது. ஈரோடு பஸ்ஸிலிருந்து பெருந்துறைக்குச் சற்று முன்னால் இறங்கிய ரூத், முந்தானையைத் தலையைச் சுற்றி இழுத்துக்கொண்டு தென்னந்தோப்புப் பாதையில் நடந்தாள். காலை பத்தரை மணி. ரோட்டில் சுள்ளென்று அடித்த வெயில், தோப்புக்குள் நுழைந்ததும் எங்கேயோ போய்விட்டது.

அந்தப் பாதை அவளுக்குப் பழக்கமானதுதான். எட்டு வருடம், மாதம் இரண்டு சனிக்கிழமையாவது கேமராப் பையோடு அதில் நடந்திருக்கிறாள். ஆனால் கடைசி ஒன்றரை வருடம் அந்தப் பக்கமே வரவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் பிரவீனா மஞ்சள் காமாலையில் செத்துப்போனபோதுகூட வரவில்லை.

இருவரும் கல்லூரித் தோழிகள். ரூத் கல்யாணம் செய்துகொள்ளாமல், கோயமுத்தூர் சுங்கம் பகுதியில் அப்பா தேவானந்தம் விட்டுப்போன ஸ்டுடியோவை நடத்திக்கொண்டிருந்தாள். பிரவீனா, பனியன் கம்பெனி வைத்திருந்த மோகன்குமாருக்கு வாழ்க்கைப்பட்டு இந்தத் தோப்பு வீட்டுக்கு வந்தாள். அவர் வெளிநாடு போய்வரும்போதெல்லாம் அவளுக்கு ஒரு பொம்மை வாங்கி வருவார். ஓரடி உயரம், ஒடிசலான இடுப்பு, முதுகு வரை புரளும் முடி. அலங்காரம் செய்து பார்ப்பதற்கென்றே செய்த பொம்மைகள். கம்பெனியில் மிஞ்சும் துண்டுத் துணியில் பிரவீனா அவற்றுக்கு உடை தைப்பாள். கல்யாணப்பெண், விமானப் பணிப்பெண், நர்ஸ், களை எடுக்கப் போகிறவள். ஒவ்வொரு தையலும் அரிசி முனை அளவுதான் இருக்கும். தைத்து முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். கத்தரி பக்கத்திலேயே இருந்தாலும் அப்படித்தான். ரூத் அந்தப் பொம்மைகளை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, பவானி ஜமக்காளத் துண்டைக் காலடியில் விரித்து, கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் விழவைத்துப் படம் எடுப்பாள். படத்தைப் பார்க்கிறவர்கள் நிஜப் பெண்கள் என்றே நினைப்பார்கள்.

தொண்ணூற்றாறு தை மாதம் சென்னைப் பத்திரிகை ஒன்றில் அந்தப் படங்கள் ஆறு பக்கத்துக்கு வந்தன. 'உடைகளும் புகைப்படங்களும்: பிரவீனா மோகன்குமார்' என்று போட்டிருந்தது.

ரூத் போன் செய்து கேட்டாள்.

"பேருல என்னங்க ரூத் இருக்குது? நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானே?" என்று பிரவீனா சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு ரூத் அவளோடு பேசவே இல்லை.

இப்போது வாசலில் நின்று அவளை வரவேற்றவர், போன் செய்து வரச்சொல்லியிருந்த மோகன்குமார். தாடி வளர்ந்து, ஆள் பாதியாகியிருந்தார்.

"வாங்க ரூத். நீங்க வருவீங்களோ மாட்டீங்களோன்னு இருந்தேனுங்க."

பொம்மை அறையின் கதவை அவர் திறந்துவிட்டார். உள்ளே வரவில்லை. வீட்டு வேலை பார்க்கும் முத்தாத்தாளும் நிலைக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். அறைக்குள் தையல் மெஷின் எண்ணெய் வாசனையும் சந்தனப் பவுடர் வாசனையும் கலந்து நின்றன. பிரவீனாவின் வாசனை. நாலு மாதம் பூட்டிக் கிடந்த அறையில் அது இன்று காலை பூசிக்கொண்டது போல இருந்தது.

கண்ணாடி அலமாரியில் இருபத்தேழு பொம்மைகள்.

"கடைசி நாள் வரைக்கும் உங்க பேரைத்தானுங்க சொல்லிட்டே இருந்தா" என்றார் மோகன்குமார், வெளியில் இருந்தபடியே. "ரூத்துக்குத் துரோகம் பண்ணிப்போட்டேன், இதெல்லாம் அவகிட்டத்தான் போகோணும், அவ என்னை மன்னிச்சு வாங்கிக்கோணும்னு அழுதா."

ரூத் அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றரை வருடமாக நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது ஒரே நொடியில் கரைந்துபோனது. சாவுக்குக்கூட வராமல் இருந்துவிட்டோமே என்று விம்மி விம்மி அழுதாள்.

"மன்னிச்சுட்டேன்னு வாயால சொல்லிருங்க. அவ ஆத்மா சாந்தியாகும்."

"மன்னிச்சுட்டேன் பிரவீனா" என்றாள் ரூத். "நான் கூட்டிட்டுப் போறேன்."

வெளியில் யாரோ நீளமாக மூச்சு விட்ட சத்தம் கேட்டது. முத்தாத்தாளாக இருக்கும்.

அட்டைப்பெட்டிகளை மோகன்குமாரின் காரில் ஏற்றும்போது, பிரவீனாவின் ஏழு வயது மகள் ரித்திகா கதவு மறைவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, அம்மாவையும் கூட்டிட்டுப் போறீங்களா?"

முத்தாத்தாள் சட்டென்று குழந்தையின் வாயைப் பொத்தினாள். "சும்மா இரு கண்ணு" என்றாள். தாயில்லாப் பிள்ளையின் பேச்சு என்று நினைத்த ரூத்துக்கு மறுபடியும் அழுகை வந்தது.

ஸ்டுடியோவுக்கு மாடியில்தான் ரூத்தின் வீடு. முன்னறை ஜன்னலில் காலையிலிருந்து நாலு மணி வரை நல்ல வெளிச்சம் விழும். அந்த ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் பொம்மைகளை வரிசையாக வைத்தாள். ஸ்டாண்டில் கேமராவை மாட்டி, முப்பத்தாறு படம் எடுக்கும் புதுப் பிலிம் சுருளைப் போட்டாள். எல்லாவற்றையும் முறையாகப் படம் எடுத்து, இருவர் பெயரையும் போட்டு ஒரு கண்காட்சி வைக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம், கரண்ட் போயிருந்த நேரம். கீழே ஸ்டுடியோவில் உட்கார்ந்து பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தபோது, மாடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

பட்.

நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் சத்தம்.

மேலே போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. வரிசையில் மூன்றாவதாக நின்ற நர்ஸ் பொம்மை, நர்ஸ் உடையில் இல்லை. அரக்கு நிறத்தில் சுங்குடிச் சேலை கட்டியிருந்தது. மடிப்பு கலையாமல், தோளில் ஊசி குத்தி, நேர்த்தியாக.

ரூத்திடமும் அப்படி ஒரு சேலை இருந்தது.

பீரோவைத் திறந்து அதை எடுத்து உதறினாள். கொசுவம் வரும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. வெட்டிய ஓரம் பிரிந்துவிடாமல், அரிசி முனைத் தையலில் மடித்து அடித்திருந்தது.

பீரோ சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது பொம்மை, அவள் அன்று காலை கழற்றிப்போட்ட நீலப் பூப்போட்ட ரவிக்கையில் வெட்டிய துணியில் நின்றது. புதன்கிழமை இன்னொன்று, அவளுடைய போர்வையில் ஒரு துண்டைப் பாவாடையாகக் கட்டியிருந்தது. அன்றைக்கு மத்தியானம் முழுக்க அவள் மாடியிலேயே, கதவுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. கண்ணைக் கசக்கினாள். அவ்வளவு நேரம்தான். கையை எடுத்துப் பார்த்தபோது, கல்யாணப்பெண் பொம்மை வெள்ளைச் சேலையில் நின்றது.

அப்பாவை அடக்கம் செய்த அன்று அவள் கட்டியிருந்த சேலை. ஆறு வருடமாக டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தது. அது இருப்பதே யாருக்கும் தெரியாது.

"பிரவீனா?" என்று கிசுகிசுத்தாள்.

சந்தனப் பவுடர் வாசனை அவள் முகத்துக்கு மிக அருகில் வந்து நின்றது.

கீழே இறங்கி ஓடி, ஸ்டுடியோ போனில் மோகன்குமாரைக் கூப்பிட்டாள். நடந்ததை அவள் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் ஒரு 'உம்' கூட இல்லை. ஆச்சரியப்படவும் இல்லை. அந்த மௌனத்திலேயே அவளுக்கு எல்லாம் புரிய ஆரம்பித்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாங்க?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"வேற வழி தெரியலீங்க." அவர் குரல் தாழ்ந்தது. "காரியம் முடிஞ்ச மறுநாளே மெஷின் ஓட ஆரம்பிச்சுருச்சு. ரித்திகா கவுனை எல்லாம் வெட்டி வெட்டி அதுகளுக்குப் போட்டுது. ஒரு ஆசிரமத்துக்குக் குடுத்துப் பார்த்தோம். பொம்மை அங்க போச்சு, அவ போகலீங்க, திரும்ப எடுத்தாந்துட்டோம். அப்புறம் ஒருத்தர் வந்து பார்த்துட்டுச் சொன்னாரு. அவமேல உசுரா இருந்த ஆளு, மனசாரக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாத்தான் கூடப் போவான்னு."

அந்த அறையில் 'நான் கூட்டிட்டுப் போறேன்' என்று தான் சொன்னது ரூத்துக்கு ஞாபகம் வந்தது.

"அப்போ என் பேரைச் சொல்லி அழுதான்னு சொன்னீங்களே?"

ரூத் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"அதையாவது நிஜம்னு சொல்லுங்க."

"அவ உங்க பேரைச் சொல்லவே இல்லீங்க" என்றார் மோகன்குமார். "ஒரு தடவைகூட."

வெளியே ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. ரூத் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். செத்தவள் வஞ்சித்தது பழைய கதை. அதை மன்னிக்கவைத்து, அந்த மன்னிப்பையே கயிறாகத் திரித்து அவளைக் கட்டியிருந்தார்கள். அந்தப் பொம்மை அறையில் அவள் அழுத அழுகையை நினைத்தபோது உடம்பு கூசியது.

"நாளைக்கே கொண்டாந்து உங்க வாசல்ல போட்டுர்றேன்."

"வேண்டாங்க, கும்பிட்டுக் கேக்கறேன். எனக்கு ஒத்தைப் புள்ளைங்க. போன மாசம் ஒரு மத்தியானம் பாப்பாவை..." அவர் நிறுத்திக்கொண்டார். "அதைச் சொல்ல வேண்டாம். உங்களுக்குத்தான் புள்ளை குட்டின்னு யாரும் இல்லீங்களே ரூத். நீங்க ஒருத்தர்தானே."

போனை அவள் வைக்கவில்லை. அவர்தான் வைத்தார்.

அவள் யாரிடமும் போகவில்லை. பாஸ்டரிடம் சொல்லலாமா என்று யோசித்தாள், வாய் வரவில்லை. பக்கத்து வீட்டு அச்சுப் பிரெஸ்காரர் கலீல் ரஹ்மானின் மனைவி சபுரா அன்று சாயங்காலம் மாடிக்கு வந்தாள். வரிசையாக நின்ற பொம்மைகளைப் பார்த்துக் கண் விரிந்து, "எம் பொண்ணுக்கு ஒண்ணு குடுங்களேன் அக்கா, உசுரையே விட்டுருவா" என்றாள்.

கொடுத்துவிடலாம். ஒரே வார்த்தை. இவளை அழவைத்து, மனசார வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லவைத்துவிட்டால் போதும். அந்த வார்த்தை ரூத்தின் நாக்கு நுனி வரை வந்தது. மோகன்குமாரின் தாடி வளர்ந்த முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"இது வேண்டாம் சபுரா. நான் புதுசா வாங்கித் தாரேன்" என்றாள். சபுரா முகம் சுருங்கி இறங்கிப் போனாள்.

மறுநாள் இருபத்தேழையும் சாக்கில் கட்டிக்கொண்டு பவானிக்குப் பஸ் ஏறினாள். பிரவீனாவின் சாம்பலைக் கூடுதுறையில்தான் கரைத்தார்கள் என்று முத்தாத்தாள் சொல்லியிருந்தாள். பாலத்தில் நின்று முதல் பொம்மையைத் தண்ணீரில் போட்டாள். அது முழுகவில்லை. முடி விரிய, முகம் மேலே பார்க்க, மிதந்துகொண்டே திரும்பி அவளைப் பார்த்தது. படித்துறைக்கு இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று அதைப் பிடித்துச் சாக்குக்குள் திணித்தாள். பரிசல்காரர் ஒருவரிடம் சொல்லி, கல் கட்டி, நடு ஆற்றில் இறக்கவைத்தாள்.

சாக்கு போன இடத்தில் நுரை கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு அதுவும் அடங்கியது.

அன்று இரவு தூங்கினாள். அடுத்த இரண்டு நாளும் தூங்கினாள். மத்தியானங்களில் மாடியில் ஒரு சத்தமும் இல்லை. பவுடர் வாசனை இல்லை. பீரோவில் சேலைகள் முழுசாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சோறு வடித்துச் சாப்பிட்டுவிட்டு, பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு கட்டிலில் படுத்தாள். மணி ஒன்றே கால். கண் சொருகியது.

கால் மரத்துப்போன வலியில்தான் விழிப்பு வந்தது.

அவள் படுத்திருக்கவில்லை.

முன்னறை ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு கை இடுப்பில். இன்னொரு கை லேசாக விரிந்து காற்றில். தாடை, வெளிச்சம் விழும் பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. கையை இறக்க நினைத்தாள். அது இறங்கவில்லை. கண்ணை மட்டும் அசைக்க முடிந்தது.

நைட்டி இல்லை. அவள் இதுவரை பார்த்திராத பச்சைப் பட்டு உடம்பில் இருந்தது. ரவிக்கை மூச்சு விட இடமில்லாமல் அத்தனை கச்சிதம். தலை பின்னி முடிந்திருந்தது. இடுப்பின் ஓரத்தில், துணியோடு சேர்ந்து தோலிலும், பொடிப்பொடியாக எதுவோ சுருக்கென்று குத்தி இழுத்தது.

பட்.

நூல் அறுந்தது.

மூச்சு ஒன்று சன்னமாக அவள் கன்னத்தைத் தொட்டு விலகிப் போனது. வேலை நன்றாக வந்திருக்கிறதா என்று தள்ளி நின்று பார்க்கிறவளைப் போல.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ தெரியாது. வெளிச்சம் ஜன்னலை விட்டு இறங்கியபோது விரல்கள் ஒவ்வொன்றாக அவள் சொன்னதைக் கேட்டன. சுவரைப் பிடித்துப் பிடித்து, ஸ்டாண்டில் இருந்த கேமராவிடம் போனாள். அதன் கண் அவள் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எண் காட்டும் சின்னக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள்.

அந்தச் சுருளில் அவள் ஒரு படம்கூட எடுத்திருக்கவில்லை.

முப்பத்தாறும் முடிந்திருந்தது.