பஞ்சுவின் உள்முடி

அன்று பிற்பகல் சீப்பு தோலில் முட்டவில்லை.

நாய்க்கு வாரிப் பழகியவர்களுக்கு அந்த முட்டல் தெரியும். கம்பிப் பற்கள் முடிக்குள் இறங்கி ஓரிடத்தில் மெத்தென்று நிற்கும். அந்த நிறுத்தம் மணிக்கட்டு வரை வரும். இதற்கு மேல் அழுத்தினால் வலிக்கும் என்று கை தானாகவே புரிந்துகொள்ளும். ஆறு நாளும் அவளுக்கு அப்படித்தான் இருந்தது. ஏழாம் நாள் பற்கள் முழுவதும் இறங்கின. சீப்பின் கட்டையும் இறங்கியது. அவளுடைய விரல் மூட்டுகள் முடிக்குள் மறைந்தன. பஞ்சு கண்களை மூடிச் சுகமாக மூச்சு விட்டது.

ரொம்ப அடர்த்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பஞ்சுவின் முடி உதிர்வதை எப்படியாவது குறைத்தாக வேண்டும். மகள் பாப்பாவுக்கு ஆறு வயது. நாய் முடி ஒத்துக்கொள்ளாமல் போன மாதம் இரண்டு முறை மூச்சிழுப்பு வந்தது. இரண்டாம் முறை உதடு நீலம் பாரித்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நாயை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பேச்செடுத்ததும் பாப்பா சோற்றைத் தொடவில்லை. கடைசியில் கணவன்தான் இறங்கி வந்தான்.

"ஒரு வாரம் பாரு. முடி குறையலன்னா எங்க அக்கா வீட்டுல விட்டுட்டு வந்துடுவேன். அப்புறம் நீயும் உன் பொண்ணும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"ஏன், உங்க பொண்ணு இல்லையா?"

"பிடிவாதம் பிடிக்கிறப்ப உன் பொண்ணு."

கால்நடை மருத்துவர் பொறுமையாக விளக்கியிருந்தார். இந்த வகை நாய்க்கு முடி இரண்டு அடுக்கு. மேல்முடி நீளமாக, விறைப்பாக இருந்து மழையையும் வெயிலையும் தடுக்கும். உள்முடி பறவைத் தூவி போல மெல்லியது. குளிரைத் தாங்குவது அதுதான், வீடெல்லாம் பறப்பதும் பெரும்பாலும் அதுதான். அடியில் புது முடி முளைத்துத் தள்ளும்போது பழையது கழன்றுகொள்கிறது. கழன்றது உடனே விழுவதில்லை, மேல்முடியில் சிக்கி நிற்கிறது. அது தரைக்கு வருமுன் சீப்பில் எடுத்துவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. மழிக்கக் கூடாது. முடி படுத்திருக்கும் திசையிலேயே, கொஞ்சம் கொஞ்சமாக, தினமும் வார வேண்டும். சாப்பாட்டில் மீன் எண்ணெய். வாரம் ஒரு குளியல்.

அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் அப்படியே செய்தாள். பலன் தெரிந்தது. மூன்றாம் நாள் சோபா சுத்தமாக இருந்தது. ஐந்தாம் நாள் வீட்டைப் பெருக்கியபோது குப்பை முறத்தில் ஒரு முடிகூட இல்லை. பாப்பா ராத்திரி முழுவதும் சத்தமில்லாமல் தூங்கினாள்.

சீப்பில் மட்டும் வந்துகொண்டே இருந்தது. முதல் நாள் ஒரு கைப்பிடி. நேற்று ஒரு வாளி. இன்று இரண்டு தலையணை உறைகள் நிரம்பி, மூன்றாவதைப் பிரித்திருந்தாள். எடுத்ததையெல்லாம் சேர்த்து உருட்டினால் இன்னொரு நாய் ஆகியிருக்கும். பஞ்சுவோ துளியும் இளைக்கவில்லை.

ஜன்னலோரம் வெளிச்சத்துக்கு இழுத்து வந்து, இரண்டு கட்டைவிரல்களாலும் முடியை வகிடு பிரித்தாள். வகிட்டின் அடியில் இளஞ்சிவப்பாகத் தோல் தெரிய வேண்டும். சாம்பல் நிறத்தில் முடி தெரிந்தது. அதையும் பிரித்தாள். அதன் அடியில் இன்னும் மெல்லியதாக, இன்னும் வெளிறியதாக முடி. அதையும் பிரித்தாள். ஈரத் துணியை நெடுநாள் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தது போல ஒரு வாடை மேலே எழுந்தது.

மருத்துவருக்குப் போன் செய்தாள்.

"தோலே தெரியல டாக்டர்."

"அடர்த்தியா இருந்தா அப்படித்தாம்மா. நல்லா நனைச்சுப் பாருங்க. எப்பேர்ப்பட்ட நாயும் நனைஞ்சா எலி மாதிரி ஆயிடும்."

அது சரிதான். முடிகளுக்கு இடையில் நிற்கும் காற்றுதான் நாயைப் பெரிதாகக் காட்டுகிறது. தண்ணீர் பட்டால் காற்று வெளியேறும், முடி உடம்போடு ஒட்டும், உள்ளே இருக்கும் உண்மையான நாய் தெரிந்துவிடும்.

குளியலறையில் ஒரு வாளி வெந்நீரை விளாவி ஊற்றினாள். பஞ்சு சுருங்கவில்லை. இன்னொரு வாளி. மூன்றாவது வாளி. அதன் பிறகுதான் கீழே பார்த்தாள். தரை காய்ந்திருந்தது. ஒரு சொட்டுகூடச் சாக்கடைத் துளைக்குப் போகவில்லை. வாளியைக் கீழே வைத்து வெகுநேரம் ஆன பின், எங்கோ ஆழத்தில் தண்ணீர் போய் விழும் ஓசை கேட்டது.

விலாவில் கையை வைத்தாள். விரல்கள் போயின. மணிக்கட்டு போனது. முழங்கை. எலும்பு இல்லை. துடிப்பு இல்லை. கதகதப்பு மட்டும். பஞ்சு திரும்பி அவள் கன்னத்தை நக்கியது.

கையை உருவிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடிக் கணவனுக்குப் போன் செய்தாள்.

"உடனே வாங்க. இத எங்கயாவது கொண்டு போயிடுங்க."

"முடி நின்னு போச்சுன்னு காலைலதானே சொன்ன?"

பதில் சொல்லுமுன் வாசற்கதவு திறந்தது. புத்தகப்பை தரையில் விழுந்தது. பஞ்சுவைக் கூப்பிட்டுக்கொண்டே சின்னக் காலடிகள் குளியலறைப் பக்கம் ஓடின.

"பாப்பா, அங்க போகாத."

"அம்மா, இவனுக்குள்ள எவ்ளோ மெத்துன்னு இருக்கு."

குரல் கனத்த போர்வைக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

ஓடினாள். பாப்பா எப்போதும் போலத்தான் மண்டியிட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். கைகள் தோள் வரை உள்ளே இருந்தன. முகம் உள்ளே இருந்தது. பின்னல் மெல்ல உள்ளே போனது. பாய்ந்து பாப்பாவின் காலைப் பிடித்தாள். ஷூ மட்டும் கையில் வந்தது.

முடி மூடிக்கொண்டது. ஒரு வகிடுகூட இல்லை.

இரண்டு கைகளையும் தோள் வரை விட்டுத் துழாவினாள். ஒன்றும் இல்லை. பிறகு கேட்டது. மெல்லிய விசில் போல. இழுப்பு. பாப்பாவின் இழுப்பு. நாய்க்குள். கீழே.

சீப்பை எடுத்து வந்து வாரினாள். திசை பார்க்கவில்லை. கற்றை கற்றையாக வந்தது. மடி நிறைந்தது. முழங்கால் மறைந்தது. வாரினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் இழுப்பு இன்னும் கீழே இறங்கியது. வாரினாள். கேட்டது. கொஞ்சமாகக் கேட்டது.

கேட்கவில்லை.

பஞ்சு கொட்டாவி விட்டது. சோம்பலாகப் புரண்டு படுத்து, வாருவதற்கு மறுபக்கத்தைக் காட்டியது.