அளவெட்டிக் காரின் முன்கண்ணாடி

"ஒரு காருக்கு முன்கண்ணாடி இண்டைக்கே போட்டுத் தரேலுமோ, பிள்ளை?" என்று கேட்டபடிதான் யோசப்பின் என்ற பெண், கிறிஸ்ரினாவின் கடைக்குள் நுழைந்தாள். நடந்து வந்த களைப்பைவிட வேறொரு களைப்பு அவள் முகத்தில் இருந்தது.

யாழ்ப்பாண நகரில் வாகனக் கண்ணாடி மாற்றுகிற கடைகள் சில உண்டு. கண்ணாடியைக் கழற்ற முன்னர் அது ஏன் உடைந்தது என்று கேட்கிற கடை கிறிஸ்ரினாவுடையது ஒன்றுதான். அந்தக் கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொல்கிறவன் அவளிடம் வேலை செய்யும் எமில்ராஜ். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன், நல்ல வேலைக்காரன். ஆனால் அவன் சொல்லும் காரணம் ஒருநாளும் சரிவந்ததில்லை.

"இருங்கோ அக்கா. கண்ணாடி எப்பிடி உடைஞ்சது?" என்று கேட்டாள் கிறிஸ்ரினா.

யோசப்பின், கடற்கரையோரக் குருநகரைச் சேர்ந்தவள். அவளுடைய மகன் ஜெறோமுக்குக் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. அவன்மீது முறைப்பாடு எதுவும் இல்லை என்று காட்டும் பொலிஸ் றிப்போட் ஒன்றுதான் பாக்கி. போன ஞாயிறு காலை, நண்டு வாங்கவென்று அளவெட்டியிலிருந்து நமசிவாயம் என்பவர் காரில் வந்திருக்கிறார். காரைத் திருப்புவதற்குப் பின்னுக்கு எடுத்தபோது, தெருவோரம் காயவிட்டிருந்த ஜெறோமின் வலை சில்லில் சிக்கிக் கிழிந்துபோனது. அவர் இறங்கிப் பார்க்கவுமில்லை. ஆத்திரம் தாங்காமல் ஜெறோம் காரின் முன்பக்கத்துக்கு ஒரு கல்லை எறிந்திருக்கிறான். கார் போய்விட்டது. இன்று செவ்வாய்க்கிழமை காலை அவர் திரும்பி வந்து, வெடித்த கண்ணாடியைக் காட்டியிருக்கிறார்.

"பொழுதுபட முன்னம் புதுக் கண்ணாடி போட வேணுமாம். இல்லையெண்டால் பொலிசுக்குப் போவாராம். ஒரு முறைப்பாடு விழுந்தால் என்ரை பிள்ளையின்ரை றிப்போட் அவ்வளவுதான்."

"கல்லெறிஞ்சது உண்மையோ?"

"ஓம். அவனே ஒத்துக்கொள்ளுறான். டொக் எண்டு சத்தமும் கேட்டதாம். இனிக் கப்பலுக்குப் போகேல்லை, மீன் பிடிக்கவே போறன் எண்டு சொல்லிப்போட்டு இருக்கிறான்."

"பிறகென்ன? எறிஞ்சவனே ஒத்துக்கொண்டால் விசாரிக்க ஒண்டுமில்லை," என்றான் எமில்ராஜ்.

"காரை இஞ்சை கொண்டுவரச் சொல்லுங்கோ அக்கா. மகனும் வரட்டும்," என்றாள் கிறிஸ்ரினா.

மூன்று மணிக்குக் கார் வந்தது. நமசிவாயம் சட்டைக் கையை மடித்துவிட்டபடி இறங்கினார். மனைவி நல்லம்மா பின்சீற்றிலேயே இருந்தாள். ஜெறோம் தாயின் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

வெடிப்பு இடப்பக்கக் கீழ்மூலையில் தொடங்கி, வளைந்து, சாரதியின் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. தொடங்குகிற இடத்தில் பாதி கரைந்த சந்தனப் பொட்டு ஒன்று இருந்தது. கண்ணாடியைச் சுற்றியுள்ள றப்பரில் மங்கலான மஞ்சள் நிறம். கிறிஸ்ரினா குனிந்து முன் நம்பர் தகட்டையும் பார்த்தாள். அதன் நடுவில் புதிதாக ஒரு நெளிவு. பெயின்ற் சிறிது பெயர்ந்திருந்தது.

எமில்ராஜ் பொட்டின்மேல் விரலை வைத்தான். "இதுதான் கல் பட்ட இடம். உள்ளுக்கு ஒரு சின்னக் குழி கிடக்கு, பாருங்கோ அக்கா."

"குழி கிடக்குத்தான்." அவள் ஒரு ஊசியை எடுத்து, அந்தக் குழியிலிருந்து கல்லாய் இறுகிப்போன சந்தனத்தை மெல்லக் கிண்டி எடுத்தாள். "அம்மா, இந்தப் பொட்டு எப்ப வைச்சனீங்கள்?"

"வெள்ளிக்கிழமை," என்றாள் நல்லம்மா. "ஒவ்வொரு வெள்ளியும் வைக்கிறனான்."

"அதுக்குப் பிறகு வைக்கேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை. இனி வாற வெள்ளிதான்."

"ஐயா, வெடிப்பை எப்ப கண்டனீங்கள்?"

"நேற்றுப் பின்னேரம். ஞாயிற்றுக்கிழமை வந்த கோபத்திலை கவனிக்கேல்லை. நேற்று விடியப் பருத்தித்துறையிலை ஒரு செத்தவீடு. ஏழு மணிக்கே வெளிக்கிட்டிட்டன். அந்த அவசரத்திலையும் பார்க்கேல்லை."

"கிழக்குப் பக்கமாய் ஓடியிருக்கிறியள். வெயில் முகத்திலை அடிச்சிருக்குமே?"

"அதையேன் கேக்கிறாய்! கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் ஓடினன்."

"எத்தினை மணிக்குத் திரும்பினீங்கள்?"

"பன்னிரண்டரை. செத்தவீட்டாலை வந்தால் காரையும் கழுவித்தானே விடவேணும். இவ வாளியிலை மஞ்சளைக் கரைச்சுத் தந்தா, நான் ஊத்தினன்."

கிறிஸ்ரினா ஊசியைத் துடைத்து வைத்துவிட்டு எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள்.

"ஜெறோம் எறிஞ்ச கல் நம்பர் தகட்டிலை பட்டிருக்கு. அவன் கேட்ட டொக் எண்ட சத்தம் அதுதான். இந்தக் குழி ஞாயிற்றுக்கிழமை வரேல்லை. ஞாயிறு வந்திருந்தால் வெள்ளிக்கிழமைச் சந்தனம் சிதறியிருக்கும், குழி வெறுமையாய் இருக்கும். இது விரலாலை அமத்தி அடைச்ச மாதிரி நிறைஞ்சிருக்கு. குழி முந்தி, பொட்டு பிந்தி."

எமில்ராஜ் விடுவதாக இல்லை. "கழுவேக்கை சந்தனம் கரைஞ்சு குழிக்குள்ளை இறங்கியிருக்கலாமே?"

"நல்ல கேள்வி. அப்ப வெடிப்பைக் கேப்பம். ஐயாவின்ரை கண்ணுக்கு நேரை நிக்குது. காலை வெயில் முன்னாலை அடிச்சால் இந்தக் கோடு முழுக்க மினுங்கும். பருத்தித்துறை வரைக்கும் அதைப் பார்க்காமல் ஓட ஏலாது. அதாலை, நேற்று ஏழு மணிக்கு வெடிப்பு இல்லை. எறிஞ்சு ஒரு நாள் கழிஞ்ச பிறகும் இல்லை. பின்னேரம் இருக்கு. இடையிலை நடந்தது ஒண்டே ஒண்டு. நல்ல மத்தியானம், வெயிலிலை கொதிச்ச கண்ணாடி, கிணத்துப் பச்சைத் தண்ணி. ஏற்கனவே குழி விழுந்த கண்ணாடி அதைத் தாங்காது."

நமசிவாயம் றப்பரில் இருந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப அந்தக் குழி எப்ப வந்தது?" என்று கேட்டார். அவருடைய குரல் இறங்கிவிட்டது.

பதில் பின்சீற்றிலிருந்து வந்தது. "ஒரு மாதமிருக்கும். மணல் லொறிக்குப் பின்னாலை ஓடேக்கை ஒரு கல் தெறிச்சுப் பட்டது. நீங்கள் காணேல்லை. காட்டினால் என்னோடைதான் ஏசுவியள். பொட்டை வைச்சு மறைச்சுப்போட்டன்." நல்லம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "ஒரு பிள்ளையின்ரை வாழ்க்கையிலை போய் முடியுமெண்டு எனக்குத் தெரியாது."

அவர் மனைவியை ஏசவில்லை. ஏசுவார் என்று பயந்து அவள் ஒரு மாதம் ஒளித்திருக்கிறாள் என்பதே அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

ஜெறோம் முன்னுக்கு வந்தான். "கண்ணாடி என்னாலை உடையேல்லை, சரி. ஆனால் கல்லெறிஞ்சது நான்தான் ஐயா. அது பிழை. மன்னியுங்கோ."

நமசிவாயம் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளொன்றை எடுத்தார். எழுதி வைத்திருந்த முறைப்பாடு. அதைக் கிழித்து, துண்டுகளைத் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

"எப்ப தம்பி போறாய்?"

"தெரியாது ஐயா. பொலிஸ் றிப்போட் வந்தால் மார்கழியிலை."

"வரும்," என்றார் நமசிவாயம்.