பிடி விடாத காற்றாலை

அன்று மாலை காற்றாலைப் பண்ணையின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். ஜன்னலோரம், பெரிய திரைக்கு எதிரே, சின்ன சகலை. கதவருகே ஆபரேட்டர் பெண். இருவருக்கும் பின்னால், பீரோவை ஒட்டிய பழைய நாற்காலியில் பெரிய சகலை. நாலாவது நாற்காலி அந்த அறையில் கிடையாது. ஆனாலும் யாரோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம் பெரியவருக்கு மட்டும் கேட்டது.

அக்கா தங்கையைக் கட்டியவர்கள் சகலைகள் இருவரும். வேலைக்கு முதலில் வந்தவர் பெரியவர். பெரிய திரையின் எதிரே இருந்த அந்த இடத்துக்காக வருடக்கணக்காகக் காத்திருந்தார். நேற்று வந்த சின்னவர் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டில் மாமனார்கூட, "எதுக்கும் சின்ன மாப்பிள்ளைய ஒரு வார்த்தை கேட்டுக்கங்க" என்கிறார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இன்று சோதனை. மின்பாதையில் எங்காவது கோளாறு வந்தால் மின்னழுத்தம் ஒரு கணம் விழும். அப்போது மிரண்டுபோய்க் காற்றாலைகள் இணைப்பை உதறிக்கொண்டால் ஊரே இருண்டுவிடும். அந்தக் கணத்திலும் அவை பிடியை விடாதிருக்கச் சின்னவர் ஒரு வழி கண்டிருந்தார். பலித்தால் நாற்காலி அவருக்கே நிலைத்துவிடும். நிலைக்க விடுவாரா பெரியவர்? சின்னவர் சோதனைக் கணக்கைத் திருத்தி ஏமாற்றுகிறார் என்று, சுத்தப் பொய்யாக ஒரு புகார்க் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். உறையை மட்டும் இன்னும் ஒட்டவில்லை.

"சகலை, பின்னாடியே உக்காந்து கண்ணு வைக்காதீங்க. மிஷின் தாங்காது."

"என் கண்ணு பட்டா மிஷினா போகும்? நீங்கதான் போவீங்க."

ஆபரேட்டர் பெண் களுக்கென்று சிரித்தாள்.

மின்னழுத்தத்தை வேண்டுமென்றே விழவைத்தார்கள். விளக்குகள் மங்கின, ஏசியின் இரைச்சல் தேய்ந்து தேய்ந்து யாரோ தொண்டைக்குள் முனகுவதுபோல் ஆனது, ஈரத்துணி கருகும் வாடை எழுந்தது, அந்த அரையிருட்டில், ஜன்னலோர நாற்காலியில் தம் முதுகே உட்கார்ந்திருப்பதைப் பெரியவர் கண்டார். அதே நைந்த காலர், அதே பின்னந்தலை வழுக்கை. வெளிச்சம் வந்தது. சின்னவர்தான்.

"விடல சார்! பிடிச்சுக்கிட்டு நிக்குது!" என்றாள் ஆபரேட்டர்.

பெரியவரின் பயத்தை ஆசை முந்தியது. அந்த இடத்தில் தாம் எவ்வளவு பொருத்தம்!

"இன்னொரு தடவை போடுங்க" என்றார். "இன்னும் நல்லா விழட்டும்."

மங்கியது. தொடையில் நாற்காலியின் சூடு ஏறியது. பிறத்தியார் உடம்புச் சூடு. எதிரே பெரிய திரை. உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு குளிர்ந்தது.

வெளிச்சம் வந்தது. திரையில் காற்றாலை பிடியை விடவில்லை.

அவரும் தம் பழைய நாற்காலிக்குத் திரும்பவில்லை.

கைகளைப் பார்த்தார். தம் கைகள் அல்ல. கொழுந்தியாள் சின்னவருக்கு ஆசையாய் வாங்கிப் போட்ட மோதிரம். எழப் பார்த்தார். முடியவில்லை. விலாவுக்குள் யாரோ மெல்லப் புரண்டார்கள்.

"சகலை..." உள்ளிருந்து சின்னவரின் அழுகுரல். "இங்க ரெண்டு பேருக்கு இடமில்ல."

பின்னால் பீரோவோர நாற்காலி கிறீச்சிட்டது. கழுத்து மட்டும் திரும்பியது. அங்கே அவருடைய சட்டை. அவருடைய முகம். இமைக்காத கண்கள்.

ஆபரேட்டர் பெண் அதனிடம்தான் கேட்டாள். "டிரைவர் அண்ணன் கிளம்புறாரு சார். ஹெட் ஆபீசுக்குத் தபால் ஏதாச்சும் இருக்கா?"

கத்தினார். வாய் திறக்கவில்லை.

அது சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்தது. நாக்கை நீட்டியது. கரிய நாக்கு. உலர்ந்தது. அவரையே பார்த்தபடி உறையின் ஓரத்தில் அதை மெதுவாக இழுத்தது. கட்டைவிரலால் அழுத்தி ஒட்டியது. அவளிடம் நீட்டியது.

வெளியே வண்டி கிளம்பியது.