கதவு திறக்கும் கதை

மழை வலுக்கும் முன்பே மருமகளும் பேத்தி சிட்டுவும் வந்து சேர்ந்துவிட்டார்கள். மகனுக்கு லீவு கிடைக்கவில்லையாம். பெரியவர் கேட்டுக்கொண்டார். மருமகள் பையிலிருந்து எடுத்து வைத்த புத்தகத்தின் மேல்தான் அவர் கண் இருந்தது. வழவழப்பான அட்டை. அதில் இந்த வீட்டு வாசற்கதவு, சுற்றிலும் பூக்களோடு.

"நம்ம வீட்டுக் கதைதான் மாமா. குழந்தைங்களுக்காக முடிவை மட்டும் மாத்தி எழுதி, நானே படம் போட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"அந்தப் பொண்ணு வெளியவே நிக்கிறது கொடுமையா இருக்கு. எந்த அப்பா அப்படிச் செய்வார்?"

பெரியவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். அப்படிச் செய்தவர் அவருடைய தாத்தாதான்.

கதையில், விறகு பொறுக்கப் போன பெண் இருட்டியபின் வந்து கதவைத் தட்டுகிறாள். வந்திருப்பது மகள் இல்லை, அவள் குரலில் பேசும் பேய் என்று அப்பா தாழ்ப்பாளைப் பிடித்தபடி நிற்கிறார். காலையில் வாசற்படியில் ஒரு ஜோடிச் செருப்பு மட்டும். கதை சொல்பவர் "திறந்தாரா?" என்று கேட்க வேண்டும். வீட்டில் உள்ள அத்தனை பேரும் "திறக்கலை" என்று சொல்ல வேண்டும். ஒரு குரல்கூடக் குறையக் கூடாது.

உண்மையில் விறகும் இல்லை, பேயும் இல்லை. தாத்தாவின் மகள், பெரியவருக்கு அத்தை, ஒருவனோடு போய், ஒரே வாரத்தில் தனியாகத் திரும்பி வந்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று தாத்தா ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதைக் கதையில் சேர்க்கவில்லை. வீட்டு மானம் ஊருக்கு எதற்கு?

அந்தியில் கரண்ட் போயிற்று. மெழுகுவத்தி வெளிச்சத்தில் மருமகள் மகளுக்குப் படித்துக் காட்டினாள்.

"அப்பா ஓடி வந்து கதவைத் திறந்தார்."

"திறக்கலை," என்றார் பெரியவர்.

அவர் மட்டும்தான் சொன்னார்.

கதவு தட்டப்பட்டது.

மெதுவாக. வீட்டு மனுஷி தட்டுவதுபோல.

"அப்பா... நனைஞ்சுட்டேன்ப்பா."

"அவ வந்துட்டாம்மா," என்று சிட்டு ஓடினாள். பெரியவர் எழுந்து நிற்பதற்குள் கீழ்த்தாழை நீக்கிவிட்டாள். அது ஒன்றுதான் போட்டிருந்தது.

வாசலில் யாரும் இல்லை. மழையும், ஈரச் சாம்பல் வாடையும்தான். சிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் பார்த்தாள். இருட்டு அவளை ஒரு கணம் மறைத்தது. பிறகு வெறுங்காலோடு உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். மேல்தாழையும் போட்டாள்.

மேல்தாழ் சிட்டுவுக்கு எட்டாது.

"யாருமே இல்ல தாத்தா."

மறுபடி கதவு தட்டப்பட்டது. இந்த முறை தாழ்வாக, குழந்தையின் கை உயரத்தில்.

"தாத்தா, நான்தான். கதவைத் திறங்க. இங்க யாரோ நிக்கிறாங்க."

மருமகள் கையிலிருந்து மெழுகுவத்தி விழுந்து அணைந்தது. பெரியவர் தட்டுத் தடுமாறித் தாழ்ப்பாளில் கை வைத்தார். சின்னஞ்சிறு விரல்கள் அவர் மணிக்கட்டைப் பற்றின. சில்லென்றிருந்தன. அவரால் கையை அசைக்க முடியவில்லை.

"வேண்டாம்," என்றது இருட்டு. "போனவ போனவளாவே இருக்கட்டும்."

அன்று அவருடைய தாத்தா அத்தையிடம் சொன்ன அதே வாக்கியம்.

வெளியே அழுகை கேட்டது. பிறகு விக்கல். பிறகு மழை மட்டும்.

விரல்கள் விட்டன. பெரியவர் இரண்டு தாழையும் பிடுங்குவதுபோல் நீக்கிக் கதவைத் திறந்தார். வாசற்படியில் சிட்டுவின் செருப்புகள் வீட்டைப் பார்த்தபடி ஜோடியாக இருந்தன. அவற்றில் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது.

"சிட்டு," என்று தெருவைப் பார்த்து அலறியபடி மருமகள் மழையில் இறங்கி ஓடினாள்.

பெரியவருக்குப் பின்னால், இருட்டில், புத்தகத்தின் தாள் ஒன்று புரண்டது.

"திறந்தாரா?" என்று கேட்டது பேத்தியின் குரல்.